வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பேசிய பேச்சு

போன வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணி இருக்கும். தெரியாத நம்பரிலிருந்து போன். எடுத்த உடனே, "மிஸ்ஸா பேசுறது? எம்பிள்ளைக்கு நீங்கதான் இதெல்லாம் சொல்லிக் குடுத்தீகளா?" என்று ஒரு அம்மாவின் குரல். மேலூர் பக்கத்துப் பேச்சு. பின்னால் ஒரு பெண் "அம்மா, போனைக் குடும்மா" என்று கெஞ்சுவதும் கேட்கிறது.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வெளக்கு வச்ச நேரத்துல, தட்டுக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டு, 'எனக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா என் கிட்னியெல்லாம் யாருக்காச்சும் குடுத்துரும்மா'ங்குது. பெத்த வயிறு எப்படி இருக்கும்? இதுக்குத்தான் காலேசுக்கு அனுப்புறமா?"

அவர் பேசி முடிக்கும்வரை கேட்டேன். பிறகு, "தப்புத்தாங்கக்கா. விளக்கு வச்ச நேரத்துல பேசாதீகன்னு நான் சொல்லி அனுப்பியிருக்கணும்" என்றேன். அது மனசார வந்த மன்னிப்புதான். மதுரைப் பக்கம் ஒரு வீட்டில் எந்த நேரத்தில் எந்தப் பேச்சை எடுக்கலாம் என்பது எனக்குத் தெரியாததா? பிறகு சொன்னேன்: "அக்கா, எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவன் எங்ககிட்ட இந்தப் பேச்சைப் பேசாமப் போயிட்டான். அதனாலதான் உங்க பிள்ளையப் பேசச் சொன்னேன்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "பிள்ளைக்குச் சோறு ஆறுது, பெறகு பேசுறேன்" என்று வைத்துவிட்டார்.

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கலைக் கல்லூரியில் வேதியியல் சொல்லித் தருகிறேன். ஆறு வருஷமாக நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பும் என்னிடம்தான். மரம் நடுவது, ரத்த தான முகாம், கண்மாய்க்குள் சீமைக் கருவேலம் வெட்டுவது என்று வருஷம் ஓடிவிடும். அதில் ஒரு மதியத்தை மட்டும் உறுப்பு தானத்துக்கு என்று எடுத்து வைத்துவிடுவேன். அந்த மதியத்துக்கு வெளியிலிருந்து யாரையும் பேச அழைப்பதில்லை. நானே பேசுகிறேன்.

எங்கள் ஊர் சோழவந்தான். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர், பாதி தென்னை, பாதி வெற்றிலைக் கொடிக்கால். தம்பி என்னைவிட ஆறு வயது சின்னவன். 2014 வைகாசி. ஊரில் ஜெனகை மாரியம்மன் திருவிழா நடந்துகொண்டிருந்தது. இன்ஜினியரிங் கடைசிப் பரீட்சையை முடித்துவிட்டு, திண்டுக்கல்லில் கூட்டாளி வீட்டுக்குப் போனவன், சாமி பார்க்க ராத்திரிக்குள் வந்துவிடுகிறேன் என்று நாலு வழிச் சாலையில் வண்டியில் கிளம்பியிருக்கிறான். வாடிப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் விபத்து. ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது. முழங்கையில் ஒரு சிராய்ப்பைத் தவிர உடம்பில் வேறு காயமே கிடையாது. அடி முழுக்கத் தலையில்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு டாக்டர் அப்பாவையும் என்னையும் ஐ.சி.யூ. வாசலுக்குக் கூப்பிட்டார். "மூளைச்சாவு ஆயிருச்சு. இனிமே வாய்ப்பில்லை. உறுப்பு தானம் பத்தி வீட்ல பேசிட்டுச் சொல்லுங்க" என்றார். அப்பா கேட்டார்: "கோமாங்களா சார்?" டாக்டர் சொன்னது, "அப்படித்தான் வச்சுக்கோங்க." அதற்குள் இன்னொரு ஸ்ட்ரெச்சர் வந்தது. அவர் அதன் பின்னால் போய்விட்டார்.

அந்த ரெண்டு வார்த்தையை இன்று வரைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் தெருவிலேயே பனைமரத்திலிருந்து விழுந்து இருபது நாள் நினைவில்லாமல் கிடந்து எழுந்து வந்த ஒருவர் இருக்கிறார். இப்போதும் டீக்கடைக்கு வருகிறார். கோமா என்றால் அப்பாவுக்கு அவர்தான். கோமாவில் கிடக்கிற பிள்ளையை அறுக்கக் கேட்கிறார்கள் என்று அப்பா புரிந்துகொண்டார். வேறு எப்படிப் புரிந்துகொள்வார்? உள்ளே போய்ப் பார்த்தால் தம்பிக்கு நெஞ்சு ஏறி இறங்குகிறது. கையைத் தொட்டால் சூடு. முகத்தில் ரெண்டு நாள் தாடி முளைத்திருக்கிறது. அம்மா அவன் காலைப் பிடித்துக்கொண்டு, "வெதுவெதுன்னு இருக்கே, வெதுவெதுன்னு இருக்கே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும். நாற்காலி இருந்தும் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் பொறுமையாகப் பேசினார். அவர் காலையிலேயே வந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். கடைசியில் ஒன்று கேட்டார்: "தம்பி எப்பவாச்சும் இதைப் பத்தி வீட்ல பேசியிருக்காரா?"

நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். எங்கள் வீட்டில் அவன் பேசாத விஷயமே கிடையாது. எந்தக் கம்பெனி வண்டி எத்தனை கிலோமீட்டர் தரும் என்பது முதல் அப்பத்தாவின் பொடி டப்பாவை யார் ஒளித்து வைத்தது என்பது வரை எல்லாம் பேசுவான். இதை மட்டும் பேசவில்லை. அப்பா சொன்னார்: "அவன் வாயால சொல்லாததை நான் எப்படிம்மா செய்றது?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மறுநாள் சாயங்காலம் இதயமும் நின்றுவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. எழுத்து வேலைக்காகப் போலீஸ்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, யாரும் கேட்காமல் தானாகவே, "கண்ணை மட்டும் எடுத்துக்கச் சொல்லு" என்றார். அப்பா கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர். ஊருக்கு முகாம் வந்து, பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய், காசு வாங்காமல் அரவிந்த் கண் மருத்துவமனையில் செய்து அனுப்பினார்கள். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய இடம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது அங்கே போய் வந்திருப்பார்கள். செத்தவர் கண்ணை எடுத்தால் கருவிழியை இன்னொருவருக்கு வைப்பார்கள், ரெண்டு கண்ணால் ரெண்டு பேர் பார்ப்பார்கள் என்பதெல்லாம் அப்பாவுக்கு முன்பே தெரியும். அதனால் அந்த நிலைமையிலும் அவரால் தீர்மானிக்க முடிந்தது. மூளைச்சாவு என்ற சொல்லை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டார். தம்பியின் இதயமும் கல்லீரலும் சிறுநீரகங்களும் தீயோடு போனதற்கு நான் காணும் காரணம் இவ்வளவுதான்.

நாலு வருஷம் கழித்து, ஒரு மழைக்காலத்தில், அப்பா தோப்பிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார். ஒரு மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். "இந்த மரத்தைப் பாரு. எப்படி இருக்கு?" மட்டையெல்லாம் பச்சைப் பசேலென்று இருந்தன. குலையும் தொங்கியது. நல்லாத்தானே இருக்கு என்றேன். மரம் ஏறுகிறவரை மேலே அனுப்பியிருந்தார். அவர் நடுக்குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தார். உருவிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. அடி அழுகி, கீழே போட்டதும் நாற்றம் தாங்கவில்லை. குருத்தழுகல் நோய்.

"இது செத்துப் பல நாளாச்சு. மட்டைக்கு இன்னும் தெரியல" என்றார் அப்பா. நெடுநேரம் அந்தக் குருத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "தம்பியும் இப்படித்தான் கெடந்தானாத்தா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"அன்னிக்கு யாராச்சும் இப்படிச் சொல்லியிருந்தா எனக்கு வெளங்கியிருக்கும்."

மாமரத்து நுனியை ஒடித்தால் பக்கத்தில் துளிர்க்கும். தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து. அது போனால் எந்த உரமும் எந்த மருந்தும் மரத்தைத் திருப்பாது. ஆனால் ஏற்கெனவே விரிந்த மட்டைகள் மாசக்கணக்கில் பச்சையாக நிற்கும். மனுஷனுக்குக் குருத்து மாதிரி இருந்து மூச்சை நடத்துகிற மூளைத்தண்டைப் பற்றி நான் வாசித்த விளக்கங்களில் எதுவும் அப்பா சொன்ன இந்த விளக்கத்துக்குப் பக்கத்தில் வராது. அடுத்த வருஷம் நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பு வந்தபோது, என் பேச்சை இந்தத் தென்னை மரத்தில்தான் ஆரம்பித்தேன்.

அதற்கு அடுத்து ஒன்று செய்வேன். எல்லோரையும் மூச்சைப் பிடிக்கச் சொல்வேன். அறுபது பிள்ளைகள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாற்பது வினாடிக்குள் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். ஒரு நிமிஷத்தைத் தாண்டி நாலைந்து பேர் முகம் சிவந்து நிற்பார்கள். கடைசி ஆளும் வாயைத் திறந்ததும் கேட்பேன்: "நீ விட வேண்டாம்னுதானே இருந்த? யார் உன்னை விட வச்சது?"

விட வைத்தது மூளைத்தண்டு. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற, "மூச்சு விடு" என்று அது உத்தரவு போடும். அந்த உத்தரவை மீற யாராலும் ஆகாது. மூளைச்சாவை உறுதி செய்கிற சோதனைகளில் கடைசியாகச் செய்வதும் இதைத்தான். கண் பாப்பாவில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள், கருவிழியைப் பஞ்சால் தொட்டுப் பார்ப்பார்கள், காதில் பனிக்கட்டித் தண்ணீரை விட்டுக் கண் அசைகிறதா என்று பார்ப்பார்கள். எதற்கும் அசைவில்லை என்றால், வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜனை மட்டும் குழாய் வழியாக விட்டபடி, நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சாதாரணமாக 40 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு 60-ஐத் தாண்டும். அறுபது பிள்ளைகளையும் வாயைத் திறக்க வைத்த அந்த வாயு அவ்வளவு ஏறியும் நெஞ்சில் ஒரு அசைவும் இல்லையென்றால், உத்தரவு போட உள்ளே ஆள் இல்லை என்று பொருள். கோமாவில் இருப்பவருக்கு அந்த ஆள் இருக்கிறார். அதனால்தான் பனைமரத்திலிருந்து விழுந்தவர் திரும்பி வந்தார். அவர் வீட்டில் யாரும் உறுப்பைக் கேட்டிருக்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது.

அப்படியானால் இதயம் எப்படித் துடிக்கிறது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். இதயத்துக்கு மூளையின் உத்தரவு வேண்டாம். அதற்குள்ளேயே துடிப்பைக் கிளப்புகிற முடிச்சு ஒன்று இருக்கிறது. ஆக்சிஜன் வந்துகொண்டிருக்கும்வரை அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மெஷின் காற்றை அழுத்துவதால் நெஞ்சு ஏறி இறங்குகிறது. ரத்தம் ஓடுவதால் உடம்பு சூடாக இருக்கிறது. அம்மா பிடித்துக்கொண்டிருந்த கால் வெதுவெதுவென்று இருந்தது இதனால்தான். ஆனாலும் சில நாட்களில் அதுவும் நின்றுவிடும். உறுப்புகளை எடுக்க முடிவது அதற்கு இடைப்பட்ட நேரத்தில் மட்டும்தான்.

இந்தச் சோதனைகளை ஒரு டாக்டர் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லிவிட முடியாது. 1994-ல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நாலு டாக்டர்கள் கையெழுத்திட வேண்டும். குறைந்தது ஆறு மணி நேரம் விட்டு இரண்டு தடவை சோதனை நடக்க வேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்கிற குழுவில் இருப்பவர் அந்த நாலு பேரில் வர முடியாது. "நான் உறுப்பு தானக் கார்டு வச்சிருக்கேன்னு தெரிஞ்சா காப்பாத்தாம விட்டுருவாங்களோ மேம்?" என்ற பயம் பிள்ளைகளுக்கு நிஜமாகவே இருக்கிறது. அதை அசட்டுத்தனம் என்று நான் ஒதுக்குவதில்லை. ஆஸ்பத்திரிகளில் நம் ஜனங்கள் படுகிற பாட்டிலிருந்து வந்த பயம் அது. சட்டம் ஏன் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறது என்று விளக்குவேன்.

கிட்னி புரோக்கர் பற்றியும் கேட்பார்கள். கடன் பட்ட தறித் தொழிலாளர்களிடம் ஏமாற்றி வாங்கிய கதைகளைப் பேப்பரில் படித்த பிள்ளைகள். உறுப்பு வியாபாரத்தை ஒழிக்கத்தான் அந்தச் சட்டமே கொண்டுவரப்பட்டது. விற்றாலும் வாங்கினாலும் ஜெயில். புரோக்கர் வலை விரிப்பது உயிரோடு இருக்கிற ஏழையைப் பார்த்து. இறந்தவர்களின் உறுப்புகள் போதுமான அளவு கிடைத்தால் அந்த வலைக்கு வேலை இருக்காது. இதை இளைஞர்களிடம் நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். இறந்தவரின் உறுப்பு யாருக்குப் போக வேண்டும் என்பதை அரசின் உறுப்பு மாற்று ஆணையம் காத்திருப்போர் பட்டியலைப் பார்த்து முடிவு செய்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மாற்று அறுவைக்கும் இடமுண்டு. ரேஷன் கார்டை நம்பி வாழ்கிறவரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்.

2008-ல் திருக்கழுக்குன்றத்து 15 வயதுப் பையன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்ததும், அவன் இதயத்தைக் கொண்டு போக சென்னையில் போலீஸ் சாலையைக் காலி செய்து கொடுத்ததும் தமிழ்நாடே பார்த்தது. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டல் டி.வி. முன்னால் நின்று அழுதவள் நான். அப்படி அழுதவளுக்கே, ஆறு வருஷம் கழித்து என் வீட்டுக்கு அது வந்தபோது வாய் வரவில்லை. அந்தப் பையனின் அப்பாவும் அம்மாவும் டாக்டர்கள். குருத்து போய்விட்டது என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவள் நான்தான். கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி. படித்திருந்தேன். மூளைத்தண்டு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

ஆரம்பத்தில் நானும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். முதல் வருஷம் ஒரே நாளில் இருநூறு உறுதிமொழிப் படிவம் வாங்கினேன். பேனர், படம், பேப்பரில் செய்தி எல்லாம் ஆனது. ஒரு மாதம் கழித்து அந்தப் பிள்ளைகளில் முப்பது பேரைக் கூப்பிட்டு, "வீட்ல சொன்னீங்களா?" என்று கேட்டேன். ரெண்டு பேர் சொல்லியிருந்தார்கள். மற்றவர்களின் கார்டு பர்ஸுக்குள், பஸ் பாஸுக்குப் பின்னால்.

அந்தக் கார்டால் என்ன ஆகும்? பிள்ளை ஐ.சி.யூ.வில் கிடக்கும்போது டாக்டர் கேட்கப் போவது வீட்டாரைத்தான். கையெழுத்துப் போடப் போவதும் வீட்டார்தான். நாம் எழுதித் தருகிற உறுதிமொழிக்குப் படிவம் 7 என்று பெயர், அதிலேயே ரெண்டு சாட்சி கேட்கிறார்கள், ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும் என்கிறார்கள். காரணம் இதுதான். இப்போது ஆதார் எண் இருந்தால் போனிலேயே பதிந்துவிடலாம். 18 வயது ஆனால் போதும், சில நிமிஷ வேலை. நல்ல ஏற்பாடுதான், நானும் பதிந்திருக்கிறேன். ஆனால் அது வேகமாக முடிந்துவிடுவதாலேயே அம்மாவுக்குத் தெரியாமலும் முடிந்துவிடுகிறது. போன வருஷம் ஒரு பையன், "நான் எதையும் பதியலையே மேம்" என்றான். அவன் லைசென்ஸ் விண்ணப்பத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். விபத்தில் இறந்தால் உறுப்புகளைத் தரச் சம்மதமா என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அவன் சம்மதம் என்று கொடுத்திருந்தான். டிரைவிங் ஸ்கூல்காரர் நிரப்பியதாம். அவனுக்கே தெரியாது.

அதனால் இப்போது ஹாலில் படிவம் கொடுப்பதையே விட்டுவிட்டேன். வீட்டுப்பாடம் மட்டும்தான். வீட்டுக்குப் போய் ஒரே ஒருவரிடம் உன் விருப்பத்தைச் சொல்ல வேண்டும். தர விருப்பமில்லை என்றால் அதையும் சொல்லலாம், அதுவும் வீட்டுக்குத் தெரிய வேண்டியதுதான். அவர்கள் பதிலுக்கு என்ன சொன்னார்களோ அதை வார்த்தை மாற்றாமல் திங்கட்கிழமை எழுதிக்கொண்டு வர வேண்டும்.

அந்தத் தாள்களை ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். 'வாயில நல்ல வார்த்தையே வராதாடி' என்பதுதான் அதிகம் வருகிற பதில். அடுத்தது, 'முதல்ல ஹெல்மெட்டப் போடு'. இந்தப் பதிலைப் பார்க்கும்போதெல்லாம் நான் அந்த அப்பாக்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். 'குறையோட போனா அடுத்த பிறவியிலயும் குறையோடதான் பெறப்ப' என்று நிறைய அப்பத்தாக்கள். ஒரு மாணவி அதற்கு, "எரிச்சா முழுசாவா அப்பத்தா போறோம்?" என்று கேட்டாளாம். அப்பத்தா ரெண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள், "சரி, எனக்கும் எழுதிக்க. ஆனா இந்தக் கெழவி கண்ணு யாருக்கு ஆகும்?" என்றாராம். ஆகும். கண்ணாடி போட்டவர், புரை எடுத்தவர், சர்க்கரை உள்ளவர், எல்லோருடைய கண்ணும் ஆகும்.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன். அவன் அப்பா லாரி ஓட்டுகிறவர். பையன் சொன்னதைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரோட்ல நான் நெறையப் பாத்துட்டேன்டா. எனக்கு ஆச்சுன்னா நீ குடுத்துரு. உனக்கு ஆச்சுன்னு எங்கிட்ட கேக்காத" என்று எழுந்து போய்விட்டாராம். அந்தத் தாளைப் படித்த அன்று என்னால் பாடம் நடத்த முடியவில்லை.

2023 செப்டம்பர் 23-ஆம் தேதி, உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்த பிறகு பதில்களின் சாயலே கொஞ்சம் மாறியிருக்கிறது. 'கலெக்டர் வந்து மாலை போடுவாராமே' என்று தாத்தாக்கள் சொன்னதாக வருகிறது. ஊரில் ஒரு சாவுக்கு யார் வந்தார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குத் தெரியும். பிள்ளையை அறுக்கக் கொடுத்துவிட்டான் என்று பேசக்கூடிய வாய்களை அந்த மாலை அடைத்துவிடும். தம்பி காலத்தில் இது இருந்திருந்தால் அப்பாவின் பங்காளிகள் அன்றைக்கு வேறு மாதிரி பேசியிருப்பார்கள்.

இன்னொரு பையன், வாடிப்பட்டிக்காரன், தாத்தா வீட்டில் விடியக்காலம் இறந்தபோது, சொந்தபந்தம் வந்து சேருமுன் ஃபேனை அமர்த்தி, கண் இமையை மூடி, ஈரத் துணியை மேலே வைத்து, தலைக்குத் தலையணை வைத்து உயர்த்திவிட்டு, கண் வங்கிக்குப் போன் செய்திருக்கிறான். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னது நினைவிருந்திருக்கிறது. "புழுக்கமா இருக்கு, எவன்டா ஃபேனை அமத்துனது" என்று பெரியப்பா போட்ட சத்தத்துக்கு நடுவே ஸ்விட்சை மறைத்துக்கொண்டு நின்றானாம். வந்தவர்கள் வேலை முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முகத்தில் எதுவும் தெரியவில்லை. பாட்டி மட்டும் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "தூங்குற மாதிரித்தான்யா இருக்காரு" என்றாராம்.

போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒருவன் மட்டும் பெஞ்சை இழுத்துப் போட்டபடி நின்றான். வகுப்பில் அதிகம் பேசாத பையன். அவன் அம்மாவுக்கு இரண்டு வருஷமாகப் பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். தண்ணீரை டம்ளரில் அளந்துதான் குடிக்க வேண்டும், சித்திரை வெயிலிலும். சிறுநீரகத்துக்குப் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

"எங்கம்மா லிஸ்ட்ல இருக்காங்க மேம். போன் வந்துச்சான்னு தெனமும் பாக்குறேன். யாராச்சும் சாகணும்னு காத்துக்கிட்டு இருக்குற மாதிரி இருக்கு. அதான் கையைத் தூக்கிப் பேச முடியல."

அவனைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். என் தம்பியைப் பற்றிச் சொன்னேன். உன் அம்மா காத்திருந்ததால் என் தம்பி சாகவில்லை, காத்திருக்காவிட்டாலும் செத்திருப்பான் என்றேன். அவனுடைய ரெண்டு சிறுநீரகமும் நன்றாக இருந்தன, எடுத்ததிலிருந்து ஒரு நாள் வரைக்கும் பத்திரமாக வைத்திருக்க முடியும், அன்றைக்கு மதுரையிலேயே உன் அம்மா மாதிரி யாரோ ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவருக்கு நாங்கள் கொடுக்காமல் போனோம் என்று சொன்னேன். நான் குற்றம் செய்தவள் மாதிரி பேசியது அவனுக்கு எப்படியோ இருந்திருக்க வேண்டும். "பரவாயில்ல மேம்" என்று என்னைத் தேற்றினான். இருபது வயதுப் பையன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சோழவந்தானுக்குப் போயிருந்தேன். அப்பாவிடம் மேலூர் அம்மா திட்டியதைச் சொன்னேன். "திட்டத்தான் செய்யும். பெத்தவல்ல" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "நீ ஒருநா என்னைக் கூட்டிட்டுப் போ. நான் சொல்றேன் அந்தப் பிள்ளைககிட்ட" என்றார். இத்தனை வருஷத்தில் நான் கேட்கத் துணியாததை அவராகவே சொன்னார். அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை மேலூர்ப் பெண் தன் தாளைக் கொடுத்தாள். அவள் அம்மா சொன்னதாக இரண்டே வரி. மேல் வரி, வெள்ளிக்கிழமை சொன்னது: 'இனிமே இந்தப் பேச்சு இந்த வீட்ல கூடாது.' அதற்குக் கீழே வேறு மையில், ஞாயிற்றுக்கிழமை சொன்னதாக: 'அந்த மிஸ் தம்பி பேரு என்னன்னு கேட்டியா?'

அடுத்த புதன்கிழமை அப்பா வருகிறார். தோப்பில் இப்போது அழுகிய மரம் எதுவும் இல்லையாம். பக்கத்துத் தோட்டத்தில் ஒன்று இருக்கிறதாம். அந்தக் குருத்தை வாங்கி, சாக்கில் சுற்றி, காலை பஸ்ஸில் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.